பரோட்டாக் கல்லில் கண்ட விரிசல்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வரும் லாரிக்குப் பயம். ஆனால் ஒரு மார்கழி மாதத்தில் பதிமூன்று நாட்கள் நான் பட்ட பயத்தை இவற்றோடு சேர்க்க முடியாது. அது நானே பிரஷ் பிடித்து, பெயிண்ட் தொட்டு எழுதி வைத்துக்கொண்ட பயம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற சாலையில், சிறுவாச்சூருக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு பட்டறையில் தர ஆய்வாளனாக வேலை பார்த்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். வருகிற தகட்டின் நம்பரைச் சரிபார்க்க வேண்டும், வெல்டிங்கைப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே படங்களை விளக்கொளியில் வைத்து ஆராய வேண்டும், கடைசியில் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் சம்பளம். டிப்ளமா முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது; பேனாவைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி குத்திக்கொண்டு திரிவேன்.

அந்த வருடம் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலைக்கு ஒரு தொட்டி செய்தோம். ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும். ஆலையில் நிலக்கரியை மாவாக அரைப்பார்கள். அந்த மாவு சில சமயம் தானே தீப்பற்றிக்கொள்ளும். அதை அமுக்குவதற்குக் கார்பன் டை ஆக்சைடைத் திரவமாக்கி, அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். அந்தத் திரவம் ஐஸ் கட்டியைவிடக் குளிர்ச்சியானது. எங்கள் வெயிலில் பழகிய இரும்புக்கு அந்தக் குளிர் ஆகாது. வெயிலில் எவ்வளவு அடித்தாலும் வளைந்து கொடுக்கும் இரும்பு, அந்தக் குளிரில் அப்பளம் மாதிரி ஒடிந்துவிடலாம்.

அதனால்தான் ஆலைக்காரர்கள் அனுப்பிய விவரக் குறிப்பில் தகட்டுக்கு ஒரு தனிச் சோதனை கேட்டிருந்தார்கள். தகட்டின் மூலையில் ஒரு துண்டு வெட்டி, அதிலிருந்து சுண்டுவிரல் அளவுக் குச்சிகள் மூன்று சீவி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, குளிர வைத்து, ஊஞ்சல் மாதிரி ஆடி வரும் ஒரு சுத்தியலால் அடித்து முறிப்பார்கள். முறிய எவ்வளவு முரண்டு பிடித்தது என்று முள் காட்டும். முரண்டு பிடித்தால் நல்ல தகடு. அடித்ததும் சரணாகதி என்றால் ஆகாத தகடு.

அதே குறிப்பின் இன்னொரு பக்கத்தில், எக்ஸ்ரே படத்தில் வெல்டிங் குறை எவ்வளவு பெரிய கறையாகத் தெரிந்தால் விடலாம், எது தெரிந்தால் வெட்டிப் போட்டுத் திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும் என்று இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவன் கண்ணுக்கு ஏதாவது ஒன்று தப்பத்தான் செய்யும், அப்படித் தப்பியதைத் தகடு தாங்கிக்கொள்ளும் என்ற தைரியத்தில்தான் அந்த மன்னிப்பே கொடுத்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொட்டியின் உடல் மூன்று வளையங்கள். இரண்டு வளையங்களுக்குத் தகடு முன்பே வந்து, சோதனை தேறி, நம்பரும் குத்தியாகிவிட்டது. மூன்றாவதற்கு ஒரே கனத்தில் இரண்டு தகடுகள் வந்தன. இரண்டிலும் மூலையை வெட்டித் திருச்சிக்குச் சோதனைக்கு அனுப்பினோம். ஒன்று தேறியது, ஒன்று தோற்றது. தோற்றதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தொட்டியை உட்கார வைக்கும் தாங்கிகளுக்கு அது போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இரண்டு தகட்டிலும் உடனே அதனதன் நம்பரை எண் உளியால் அடித்துக் குத்தியிருக்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் எங்கள் நம்பர் உளிப் பெட்டியில் எட்டைக் காணோம். இரண்டு தகட்டின் நம்பரிலும் எட்டு இருந்தது. எட்டு வாங்கி வந்ததும் குத்திக்கொள்ளலாம் என்று மஞ்சள் பெயிண்டால் எழுதி வைத்தேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிசு. முதல் நாளே எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கையுமாக லேத், டிரில், வெல்டிங் மெஷின், ஸ்பானர் என்று ஒன்று விடாமல் தேய்ப்பார்கள். நான் அன்று மாமா வீட்டு விசேஷத்துக்குக் குன்னம் போயிருந்தேன். மறுநாள் பூஜைக்கு வந்து பார்த்தால் பட்டறையே புதுப்பெண் மாதிரி இருந்தது. சாமி படம் வைக்க இடம் போதவில்லை என்று செயின் பிளாக் போட்டுத் தகடுகளை நகர்த்தியிருந்தார்கள். நகர்த்தியதோடு விடவில்லை. தகடுகளையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஆளுக்கு மூன்று பட்டை திருநீறும் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். மஞ்சள் நம்பர் இருந்த இடத்தில் சந்தனம் இருந்தது.

ஹெல்பரைக் கேட்டேன். "எதுப்பா முன்னாடி செவுத்துப் பக்கம் இருந்தது?"

"இருந்தாப்புலயேதான் சார் வச்சோம். சும்மா கொஞ்சம் தள்ளி வச்சோம், அவ்ளோதான்."

அந்த "சும்மா கொஞ்சம்" என்ற வார்த்தையில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. விஜயதசமி அன்று பெயிண்ட் டப்பாவை எடுத்து, சுவரோரம் இருந்ததுதான் தேறிய தகடு என்று என் ஞாபகத்தை நம்பி இரண்டு நம்பரையும் திரும்ப எழுதினேன். மறு வாரம் எட்டு வந்தது. எழுதியபடியே குத்தினேன். உளியால் குத்திய பிறகு பொய்யும் உண்மை மாதிரித்தான் இருக்கும்.

தொட்டிக்கு வெல்டிங் வைத்தவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஊரில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்க, இவர் ஒருமுறை போய்த் திரும்பி, இரண்டாவது முறை விசாவுக்குக் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் பாய் என்போம். மற்ற எல்லோரும் என்னை சார் என்று கூப்பிட, அவர் மட்டும் தம்பி என்பார். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அவர் வைத்த தையல் எக்ஸ்ரேயில் துணி தைத்த மாதிரி சீராக இருக்கும். மூன்றாம் வளையத்தில் மட்டும் ஓரிடத்தில் கடுகளவு ஒரு கறை தெரிந்தது. குறிப்பில் மன்னித்த அளவுக்குள்தான் இருந்தது. "வுட்டுறலாமா தம்பி, இல்ல நோண்டிப் போட்டுறட்டுமா?" என்று கேட்டார். "அளவுக்குள்ளதான் இருக்கு பாய், விடுங்க" என்றேன்.

மூன்றாம் வளையத்தில் ஆள் நுழைகிற வட்ட ஓட்டை ஒன்று வெட்டினோம். வெட்டிய வட்டத் தகட்டை, எங்களுக்கு எதிரே பரோட்டாக் கடை வைத்திருந்தவர் கேட்டு வாங்கிப்போய் பரோட்டாக் கல்லாக்கிக்கொண்டார். நல்ல கனம், நல்ல வட்டம். அவருக்குச் சந்தோஷம், எங்களுக்கும் முட்டைக் குருமா தாராளமாக வந்தது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை டீ குடிக்கப் போனேன். பரோட்டா மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார். "என்ன சார் கல்லு குடுத்தீங்க? காஞ்ச கல்லுல தண்ணி ஊத்திக் கழுவுனேன், டப்புன்னு ஒரு சத்தம். பாருங்க, விண்டுபோச்சு."

பார்த்தேன். காஸ் கட்டர் நின்று கிளம்பிய இடத்தில் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அதிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் நடுவை நோக்கிப் போயிருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு, "வேற கல்லு தரேன், இதைக் குடுங்க" என்றேன். கல் ஆறும்வரை அங்கேயே நின்றேன்.

சூடான எந்தத் தகட்டில் தண்ணீர் ஊற்றினாலும் விரியத்தான் செய்யும் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் பட்டறைக்குப் போனேன். வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. அந்தக் கல்லில் விரிசல் இல்லாத பக்கம் விரல் கனத்துக்கு ஒரு குச்சி அறுத்தேன். உளி நம்பர் இருந்த முதல் வளையத்து மிச்சத் தகட்டிலிருந்து இன்னொரு குச்சி. இரண்டிலும் நடுவில் ரம்பத்தால் ஒரே ஆழத்துக்கு வெட்டுப் போட்டேன். பெரம்பலூரில் வாங்கி வந்த ஐஸை உடைத்து, கல்லுப்பு கலந்து, குல்பி ஐஸ்காரன் பானையில் வைப்பது மாதிரி இரண்டையும் அதற்குள் ஒரு மணி நேரம் புதைத்து வைத்தேன்.

முதல் வளையத்துக் குச்சியை எடுத்து வைஸ் இடுக்கியில் பிடித்து எட்டுப் பவுண்டு சுத்தியலால் அடித்தேன். வளைந்தது. இன்னொரு அடி. இன்னும் வளைந்தது. நாலாவது அடியில் நார் நாராகக் கிழிந்து, அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பரோட்டாக் கல் குச்சியை வைத்து ஒரே ஒரு அடி. பாதித் துண்டு எங்கோ பறந்து தகரத்தில் பட்டு விழுந்தது. தேடி எடுத்தேன். முறிந்த இடம் சீனியைக் கொட்டிய மாதிரி மினுமினுத்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தோற்ற தகடு தொட்டியின் உடம்பில் இருக்கிறது. தேறிய தகடு கீழே தாங்கியாகிக் கிடக்கிறது. அந்தக் கடுகளவுக் கறை ஞாபகம் வந்தது. நல்ல தகடு என்ற நம்பிக்கையில் மன்னித்த கறை அது. இந்தத் தகட்டில் அதை யார் மன்னிப்பது?

புதன்கிழமை தண்ணீர்ச் சோதனை. தொட்டி முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யப்போகும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்ப்பார்கள். அழுத்தத்தில் நிற்கும்போது பாய் ஒரு சின்னச் சுத்தியலால் தையல் நெடுகத் தட்டிக்கொண்டே, காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வருவார். அது எந்தக் குறிப்பிலும் இல்லாத அவர் வழக்கம். நான் டார்ச் அடித்துக்கொண்டு கூடவே போவேன். கசிவு இருக்கிறதா என்று நான் பார்ப்பேன், அவர் கேட்பார்.

சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை முதலாளி அறை வாசல்வரை போனேன். உள்ளே ஆலைக்காரர்களோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழம இல்ல, அடுத்த வெள்ளி. நம்ம காளி கோயில் திங்களும் வெள்ளியுந்தான் நடை தொறக்கும், அதப் பாத்து அனுப்புறேன்" என்றார். நான் உள்ளே போய்ச் சொன்னது வேறு.

"சார், மார்கழித் தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் சூடு பண்ணி ஊத்துனா சேஃப்டி சார்."

"நம்ம ஊருல என்னய்யா ஜில்லு?" என்றார். ஆனாலும் சம்மதித்தார். கல்யாணச் சமையல்காரரிடம் அண்டாக்கள் வாடகைக்கு எடுத்து, விறகு மூட்டிக் கொதிக்க வைத்து ஊற்றினோம். ஆலையிலிருந்து வந்த ஆய்வாளர் பெரியவர், தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு வியந்தார். "இந்தத் தகட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லையே. இவ்வளவு கவனமா பண்றவங்கள நான் பாத்ததில்ல." முதலாளி என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு அடி மாதிரி இருந்தது.

சூட்டில் இந்த இரும்பு வளைந்து கொடுக்கும், இன்றைக்கு உடையாது என்பதுதான் என் கணக்கு. கணக்கின் மீது எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை என் கால்கள் காட்டிக்கொடுத்தன. அழுத்தம் ஏற ஏற நான் பின்னால் நகர்ந்தேன். அழுத்தம் ஏற்றும் பம்பும் அழுத்தம் காட்டும் கேஜும் கம்ப்ரஸர் ரூமின் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன. "நான் கேஜைப் பாத்துக்கிறேன் பாய், இன்னைக்குத் தட்ட வேணாமே" என்றேன்.

"விசா வந்துட்டா இதுதான் கடேசித் தொட்டி தம்பி. தட்டாம வுட்டா எனக்கே மனசு கேக்காது" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார்.

சுவருக்குப் பின்னால் முள்ளைப் பார்த்தபடி நின்றேன். டிங், டிங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. முதல் வளையம். இரண்டாம் வளையம். மூன்றாம் வளையத்துக்கு வந்ததும் சத்தம் கொஞ்சம் நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் கன்னத்தை இரும்பில் ஒட்டி அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பார்க்காமலே தெரியும். பிறகு மறுபடி டிங். நான் மூச்சு விட்டேன். "ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கு!" என்று அவர் கத்தியது கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சுவருக்குப் பின்னாலிருந்து தட்டினேன்.

அன்றோடு பயம் போயிருக்க வேண்டுமே? இல்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். வெந்நீர் ஊற்றிச் சோதித்துவிட்டு, ஐஸைவிடக் குளிர்ந்ததை அடைப்பதற்கு அனுப்பப் போகிறோம். என்னைத் தவிர இது யாருக்கும் தெரியாது. எங்கேயாவது தட்டு விழுந்தால் உடம்பு தூக்கிப் போட்டது. உடைந்த குச்சியின் பாதியைச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஏன் எறியவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை தொட்டி லாரியில் ஏறியது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பாய் தோளில் ஒரு பையோடு வந்து டிரைவருக்குப் பக்கத்தில் ஏறப் போனார்.

"நீங்க எங்க பாய்?" என்றேன்.

"அரியலூருக்குத்தான். அங்க பைப் லைன்ல நாலு தையல் போடணும்ல. மொத தடவை கேஸ் ஏத்துறப்ப பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் தம்பி வருவேன். விசாவும் வந்துருச்சு, வூட்டுல எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த மாசம் இன்ஷா அல்லாஹ் கெளம்பிருவேன்."

குளிர்ந்த திரவம் முதன்முதலாக உள்ளே பாயும்போது அவர் அந்தத் தையலில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். நான் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். தைரியத்தில் நின்றேன் என்று சொன்னால் பொய். அந்தப் பக்கம் இருந்த பயம் இந்தப் பக்கத்துப் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலாளியிடம் குச்சியைக் கொடுத்தேன். பூஜைக்குத் தேய்த்தது, நான் எழுதியது, பரோட்டாக் கல், ஐஸ், வெந்நீர், எல்லாவற்றையும் லாரி உறுமிக்கொண்டிருக்கும்போதே திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார், அறைவார் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். குனிந்து முன்சக்கரத்துக்குக் கீழே இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வேட்டியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "எறக்குங்கடா" என்றார்.

பரோட்டாக் கல்லின் மிச்சம் திருச்சிக்குப் போனது. தோற்ற தகடுதான் என்று எழுதி வந்தது. ஆலைக்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி முதலாளியே சொன்னார். மூன்றாம் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட வேண்டும் என்று முடிவானது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. உளிப் பெட்டியில் இரண்டு எட்டு வாங்கிப் போட்டுவிட்டு, அதன் சாவியை என் கையில் கொடுத்தார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

புது வளையத்துக்கும் பாய்தான் வெல்டிங் வைத்தார். அவருடைய பயணம் தள்ளிப்போனது. வெல்டிங் நடந்த மூன்று நாட்களும் என்னிடம் வேலை விஷயம் மட்டும்தான் பேசினார். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போகும்போதெல்லாம் கண்ணாடி முகமூடியை இறக்கிக்கொள்வார். கடைசித் தையல் முடிந்த மதியம், முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"அப்ப அந்தச் சுடுதண்ணி இதுக்குத்தானா?"

"ஆமா பாய்."

தலையை ஆட்டிக்கொண்டார். கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினார். கோபமே இல்லை முகத்தில். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"நான் காதை வச்சுத் தட்டிக்கிட்டு இருந்தேனே, அப்ப நீங்க எங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க சார்?"